டப்பாவில் கிடந்தாலும் துப்பாக்கிதான்

2020 டிசம்பரில் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த துப்பாக்கி லைசென்ஸ்களுக்கு 2025 டிசம்பரே கெடு. புதுப்பிக்கப் போகிறவர் காகிதத்தோடு துப்பாக்கியையும் எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். ஒருவரிடம் இருப்பது துப்பாக்கியாக இல்லாமல் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இரும்புத் துண்டுகளாக இருந்தால்?

வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்திருக்கிறது. மணவாள நகர்க்காரர் ஒருவர் பழைய பாயிண்ட் 32 பிஸ்டல் ஒன்றை விலை பேசியிருக்கிறார். விற்பவர் சுத்தம் செய்யக் கழற்றியவர், திரும்ப மாட்டத் தெரியாமல் அப்படியே வைத்துவிட்டாராம். காக்களூர் சிட்கோவில் தெரிந்த லேத்காரர் “கொண்டு வா, பார்த்துடலாம்” என்கிறாராம். கும்மிடிப்பூண்டியிலிருந்து எழுதியவருக்கு அப்பாவின் பிஸ்டல்: ஸ்லைடும் பேரலும் அண்ணன் வீட்டில், மற்றவை இவரிடம். பாகம் பிரித்தபோது இதையும் பிரித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. மூன்றாமவர் ஒரே வரியில் கேட்கிறார்: “சுடாத துப்பாக்கிக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?”

லைசென்ஸ் வாங்குவது எப்படி என்பது எழுதியவர்களுக்கே தெரியும். அவர்களைக் குழப்பியிருப்பது வேறு. கழற்றினால் துப்பாக்கி துப்பாக்கியாக இல்லாமல் போய்விடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படி நம்பவில்லை.

சட்டத்தின் 2வது பிரிவு சுடுகலன் என்றால் என்ன என்று சொல்லும்போது, அதன் பாகங்களையும், ஏன், அதைச் செய்யும் இயந்திரங்களையும்கூட அந்தச் சொல்லுக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. துப்பாக்கியைப் பத்துத் துண்டாகக் கழற்றி வைத்தால் சட்டத்தின் பார்வையில் அது குறைவதில்லை. கணக்குப் பார்த்தால் கூடுகிறது.

அப்படியானால் ஒரு ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும்கூடத் துப்பாக்கியா? இந்த அபத்தம் சட்டம் எழுதியவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். எந்தெந்தப் பொருள்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று பட்டியலிடும் 45வது பிரிவில் இரண்டு சிறிய கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் நிதானமாகப் படித்தால், உள்ளே நுழைய முடியாதபடி திறந்திருக்கிறார்கள் என்று புரியும்.

முதல் கதவு பழைய ஆயுதங்களுக்கு. வழக்கொழிந்தது, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது என்றால் விலக்கு உண்டு. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடுகலனாகப் பயன்படாததாக இருக்க வேண்டும். ‘பழுது பார்த்தாலும்’ என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. துருப்பிடித்து இறுகிப்போன பிஸ்டலை ஒரு கைதேர்ந்த ஆள் சரிசெய்துவிட முடியும் என்றால் விலக்கு போயிற்று. “திரும்ப மாட்டித் தருவார்களா?” என்று கேட்டு எழுதுகிறவர், அந்தக் கேள்வியாலேயே தன் டப்பாவில் இருப்பது துப்பாக்கி என்று ஒப்புக்கொள்கிறார்.

இரண்டாவது கதவு சிறு பாகங்களுக்கு. அந்தச் சிறு பாகம், அதோடு சேரக்கூடிய மற்ற பாகங்களுடன் சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாததாக இருந்தால் விலக்கு. எது சிறு பாகம் என்று அந்தப் பிரிவு அளவுகோல் எதுவும் தரவில்லை, நோக்கத்தைத்தான் பார்க்கிறது. மற்ற பாகங்கள் யாரிடம் இருந்தால் என்பதற்கும் விடை அதிலேயே இருக்கிறது: அதே ஆளிடமோ ‘வேறு எவரிடமோ’ இருந்தாலும். கும்மிடிப்பூண்டி அண்ணன் தம்பியர் போட்ட கணக்கு இந்த இடத்தில் உடைகிறது. ஸ்லைடு ஒரு வீட்டில், அடிப்பாகம் இன்னொரு வீட்டில் என்றால் அரைத் துப்பாக்கி இரண்டு என்று ஆகாது. லைசென்ஸ் இல்லாத இரண்டு பேர் கையில் துப்பாக்கி என்றே ஆகும்.

யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு எழுதியவர்களும் உண்டு. அங்கே கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியின் ஃபிரேமைத்தான் துப்பாக்கி என்று கருதுகிறது. பேரலும் ஸ்பிரிங்கும் தபாலில் வீடு தேடி வரும். அந்த ஊர் யோசனையை இங்கே செய்து பார்த்தால், பார்சலைப் பிரிக்கும்போது எதிரில் போலீஸ் நிற்கலாம்.

இதெல்லாம் ஏட்டளவில்தான் என்று நினைக்க வேண்டாம். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் நடிகர் சஞ்சய் தத்திடம் இருந்த ஏகே 56 துப்பாக்கி, அவர் சொன்னதன் பேரில் நண்பர்கள் மூலம் ஒரு பட்டறையில் அழிக்கப்பட்டது. புலனாய்வில் மிஞ்சிக் கிடைத்தவை ஒரு ஸ்பிரிங்கும் ஒரு கம்பியும். கூடவே ஒரு 9 எம்எம் பிஸ்டல் தனியாகக் கைப்பற்றப்பட்டது. ஆயுதச் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளி என்பதை 2013 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, ஆறாண்டுத் தண்டனையை ஐந்தாண்டாக்கியது. துப்பாக்கியை அழிக்கக் கைகொடுத்தவர்களும் தண்டனையிலிருந்து தப்பவில்லை.

பட்டறை என்றதும் திருவள்ளூர்ப் பக்கத்துக் கவலை வந்துவிடுகிறது. காக்களூர், கும்மிடிப்பூண்டி சிப்காட், அம்பத்தூர் என்று நீளும் இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு லேத் இருக்கிறது. நூலிழை பிசகாமல் கடைந்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒடிந்த பின்னைக் காட்டினால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புதிதாக ஒன்று தயாராகிவிடும். தொழில்திறமையில் குறையே இல்லை. சட்டத்தில்தான் அது ஆயுத உற்பத்தி. 5வது பிரிவுப்படி துப்பாக்கியைச் செய்வது, விற்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும்.

தண்டனையின் கணக்குதான் எவரையும் திடுக்கிட வைக்கும். 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண ரகத் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு. அதே துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் பழுதுபார்த்தால் ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை. பொருளுக்குச் சொந்தக்காரரைவிட, முன்னூறு ரூபாய்க் கூலிக்கு ஒரு பின்னைக் கடைந்து கொடுத்தவருக்குப் பெரிய தண்டனை! அதே பிரிவில் கள்ளத் துப்பாக்கித் தொழிற்சாலை நடத்துகிறவரும் இருக்கிறார். இருவரையும் பிரித்துப் பார்க்கும் வேலையை நீதிபதியிடம் விட்டிருக்கிறது சட்டம். ஆனால் ஏழுக்குக் கீழே இறங்கும் சுதந்திரத்தை அவருக்குக் கொடுக்கவில்லை.

இவ்வளவு கடுமைக்கு அரசு சொல்லும் காரணம் கள்ளச் சந்தை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிகாரின் முங்கேரிலும் மேற்கு வங்கத்திலும் லேத் பட்டறை என்ற பெயரில் நடந்த இடங்களில் பாதி முடிந்த பிஸ்டல்களைப் போலீஸ் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. ஓரிடத்தில் பாகம், வேறிடத்தில் முடிப்பு என்பதே அந்தத் தொழிலின் சூட்சுமம். பாகத்தையும் துப்பாக்கி என்று சொல்லாத சட்டத்தால் அவர்களைத் தொடக்கூட முடியாது.

ஆனால் துப்பாக்கி லைசென்ஸ்களுக்குத் தேசியத் தரவுத்தளம் வந்தாயிற்று, ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி அடையாள எண் வந்தாயிற்று, இனி ஓட்டையே கிடையாது என்று டெல்லி சொல்லும்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். அந்த எண்ணை வாங்கும் கெடுவே 2020 ஜூன் 29வரை பலமுறை தள்ளிப்போனது. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் வழங்கப்பட்டதாக சிபிஐயே சொன்னது. அவை பட்டறையில் செய்தவை அல்ல. அலுவலக முத்திரையோடு வெளிவந்தவை.

சரி, நேர்வழி என்ன? லைசென்ஸ் உங்கள் பெயரில், அந்தத் துப்பாக்கியின் எண்ணோடு இருந்தால் வழி எளிது. பழுதுபார்க்க உரிமம் பெற்ற கடைக்கு எடுத்துப்போக வேண்டும். விற்க உரிமம் இருக்கிற கடைக்கெல்லாம் பழுதுபார்க்கவும் உரிமம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வயதானவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சலுகை 3வது பிரிவில் இருக்கிறது. லைசென்ஸ்தாரர் கூடவே இருந்தாலோ, எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருந்தாலோ, லைசென்ஸ் இல்லாத இன்னொருவர் அந்தத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ லைசென்ஸைப் புதுப்பிக்கவோ எடுத்துச் செல்லலாம். மகன் கையில் அப்பாவின் கடிதம் போதும். அப்பா உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நல்ல ரிப்பேர்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கடைசியில்தான் எடுப்பார். முதலில் லைசென்ஸ் புத்தகம். பிறகு ஒரு துணியை விரித்து, பாகங்களைப் பரப்பி, எண்களைத் தேடுவார். வெப்ளி, கோல்ட் போன்ற பழைய இறக்குமதிப் பிஸ்டல்கள் இங்கே கைமாறிக் கைமாறித்தான் வருகின்றன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியாருக்கு இறக்குமதி ஏறக்குறைய அடைக்கப்பட்டுவிட்டது. புது ஸ்பேர் கிடைக்காததால், இரண்டு பிஸ்டல்களை ஒன்றாக்கிய கதைகள் சகஜம். எண் ஒத்துப்போகாவிட்டால், எண் சுரண்டப்பட்டிருந்தால், வேலை அங்கேயே நின்றுவிட வேண்டும். எண் இல்லாத சுடுகலன் ஒருவர் கையில் இருந்தால், அதை அழித்தவர் அவரே என்று 8வது பிரிவு ஊகித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. எண் சரியாக இருந்தால்தான் மற்றவை: பேரலின் உட்புறம் குழி விழுந்திருக்கிறதா, மேகசின் வாய் நெளிந்திருக்கிறதா, சேஃப்டி பிடிக்கிறதா. பாகம் எல்லாம் இருந்தால் மாட்டுவது சிறு வேலை. இல்லாத பாகத்துக்குத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

எண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்பவர்களுக்கு: காந்தியைச் சுட்ட பெரெட்டாவும் குவாலியரில் கைமாறி வந்த பழைய பிஸ்டல்தான். 606824 என்ற அதன் எண் இன்றும் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது.

மணவாள நகர் வாசகர் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் நல்லது. விற்பவர் தன் நோக்கத்தையும் வாங்குபவரின் பெயர் முகவரியையும் மாவட்ட ஆட்சியரிடமோ பக்கத்துக் காவல் நிலையத்திலோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். கழற்றிய நிலையிலும் அதே 45 நாள். மாட்டித் தரும் பொறுப்பை விற்பவர் தலையிலேயே கட்டுவது புத்திசாலித்தனம். இன்றைக்கு லைசென்ஸில் அந்த எண்ணை வைத்திருப்பவர் அவர்தான்.

கும்மிடிப்பூண்டிக்காரர்கள் இரண்டு வீட்டுப் பாகங்களையும் சேர்த்து, அப்பாவின் லைசென்ஸோடு காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைப்பதுதான் 21வது பிரிவு காட்டும் வழி. பிறகு வாரிசு என்ற முறையில் ஒருவர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் மாட்டிவிட்டு அப்புறம் ஒப்படைக்கலாமா என்றால், கூடாது.

மற்ற கேள்விகள்:

யாரிடம் விண்ணப்பம்? மணவாள நகர் என்றால் திருவள்ளூர் ஆட்சியர். 2022ல் வந்த ஆவடி கமிஷனரக எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர்.

மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாமா? இரண்டுதான், மூன்றாவதை ஒப்படைக்கும் கெடு 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

9 எம்எம் பிஸ்டலின் பாகம் கிடைத்தால்? தடைசெய்யப்பட்ட ரகம், தொடாமல் போலீஸைக் கூப்பிடுங்கள்.

கூரியரில் ரிப்பேருக்கு அனுப்பலாமா? நேரில் போங்கள்.

பழைய தோட்டா வேலை செய்யுமா? 1967ல் நடிகர் எம்.ஆர். ராதா எம்ஜிஆரைச் சுட்டதில் தோட்டாக்கள் பழையவை என்பதால் வேகம் குறைந்தது என்பது தடயவியலார் தந்த விளக்கம். இருந்தும் எம்ஜிஆரின் குரல் கெட்டது.

மாட்டி வந்ததும் மொட்டைமாடியில் ஒரு முறை சுட்டுப் பார்க்கலாமா? அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டால் இரண்டாண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.