நாப்கின் மலிந்தது, மாற்ற நேரம் எங்கே?

கடையில் விற்கும் நாப்கினுக்குள் இருப்பது வெறும் பஞ்சு அல்ல, மரக்கூழ். இதைக் கண்டுபிடிக்கவே கோவை அருணாச்சலம் முருகானந்தத்துக்கு இரண்டு வருடங்களுக்கு மேல் பிடித்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை, படிப்பைப் பாதியில் விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனவர். 1998இல், கல்யாணமான புதிதில், மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்து நாப்கின் செய்யத் தொடங்கினார். சோதித்துச் சொல்லப் பெண்கள் கூசியபோது, ஆட்டு ரத்தம் நிரப்பிய பந்து பிளாடரைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தார். ஊர் ஏசியது. மனைவியும் பிரிந்து போய், பல வருடம் கழித்தே திரும்பினார்.

நாப்கின் செய்யும் வெளிநாட்டு இயந்திரம் கோடிக்கணக்கில் விலை. அது செய்யும் வேலையை இவர் தனித்தனியாகப் பிரித்தார். கூழை அடித்துப் பஞ்சாக்குவது, அச்சில் அழுத்துவது, ஒட்டுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எளிய கருவி. அப்போது மொத்தம் சுமார் 65,000 ரூபாய் ஆனது. மகளிர் குழுவே வாங்கி ஓட்டலாம். 2006இல் சென்னை ஐஐடியில் பரிசு, 2016இல் பத்மஸ்ரீ. மற்றதை இவர் கதையைச் சொல்லும் படத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கண்டுபிடிப்பைப் பாராட்டும்போதும் என் கவலை பக்கத்து மாவட்டமான திருப்பூரில் இருக்கிறது. முதலிபாளையம் சிட்கோவிலும் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளிலும் ஓவர்லாக் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் பள்ளிப் பருவத்தில் இலவச நாப்கின் வாங்கிய பெண்ணுக்கு 19 வயதோடு அது நின்றுவிடும். பிறகு கம்பெனியில் பீஸ் ரேட் வேலை, தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. எழுந்து போனால் காசு போகும், இலக்கும் தவறும். கையில் நாப்கின் இருந்தும் மாற்ற முடியாமல் மணிக்கணக்கில் ஒரே ஈரத்தில் உட்கார்ந்தால் அரிப்பு, புண், தொற்று எல்லாம் வரலாம். 2019இல் தமிழக ஆடை ஆலைகளைப் பற்றி வந்த ஒரு செய்தி விசாரணை இன்னும் கொடியது: மாதவிடாய் வலிக்குப் பெயரே ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார்கள்.

பெரிய கம்பெனிகளில் வசதி மேம்பட்டிருக்கிறது என்கிறார்கள்; இருக்கலாம். சின்ன யூனிட்டுகளிலும் ஜாப் ஒர்க் கூடங்களிலும் அது எப்போது வரும்?

ஷிப்டுக்கு இரண்டு முறை, சம்பளம் பிடிக்காத பத்து நிமிடம். தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும் கழிப்பறை. உள்ளேயே மூடியுள்ள ஒரு குப்பைக்கூடை. முதலாளிமார்களே, இந்த மாதமே இதைச் செய்யுங்கள்.