வேகம் குறைந்தால் ஏன் கீச்சிடுகிறது?

கப்பலின் எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் தண்டு, கடலுக்குள் நீளும் இடத்தில் ஒரு பேரிங்கின் மேல் சுழல்கிறது. பல கப்பல்களில் அந்தப் பேரிங்கின் உட்புறம் நைட்ரைல் ரப்பர். அதற்கு மசகு கடல்நீர்தான். முழு வேகத்தில் அது வாய் திறக்காது. வேகத்தைக் குறைத்ததும் சில சமயம் கீச்சென்று அலறும், இன்னும் குறைத்தால் கடகடவென்று அதிரும். உராய்வு கூடியதால் சத்தம் என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மைதான். உராய்வு எவ்வளவு என்பதைவிட, வேகத்தோடு அது எப்படி மாறுகிறது என்பதே இங்கே முதன்மைக் காரணம்.

பேரிங்கில் வேகம் மாற மாற உராய்வு இறங்கி ஏறுவதை ஜெர்மன் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902இல் அளந்து காட்டினார். வேகமாகச் சுழலும் தண்டு நீரைத் தன்னோடு இழுத்து, மெல்லிய படலமாக்கி, அதன்மேல் மிதக்கிறது. வழக்கமான மசகெண்ணெயோடு ஒப்பிட்டால் நீரின் பிசுபிசுப்பு ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அதனால் வேகம் குறைந்ததுமே படலம் கிழிந்து, ரப்பரும் உலோகமும் நேராகத் தொட்டுக்கொள்கின்றன. இந்தக் கட்டத்தில் வேகம் குறையக் குறைய உராய்வு ஏறும். தண்டோடு ஒட்டிய ரப்பர் சிறிது தூரம் இழுபட்டுப் போகிறது. மீள்விசை பிடியை மிஞ்சியதும் பின்வாங்கி வழுக்குகிறது. வழுக்கும்போது உராய்வு இறங்குவதால் வழுக்கல் இன்னும் சுலபமாகிறது. பிறகு மறுபடி ஒட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தண்டின் ஆற்றலில் கொஞ்சம் அதிர்வுக்குத் தீனியாகிறது. வில் வயலின் தந்தியை ஒலிக்கவைப்பதும் இப்படித்தான். உராய்வு அதிகமாக இருந்தாலும் வேகத்தோடு மாறாமல் நின்றால் இந்தத் தீனி கிடைக்காது.

அப்படியானால் எண்ணெய் போட்டால் தீராதா? சத்தம் அடங்கலாம். ஆனால் சீல் தேய்ந்தால் எண்ணெய் கடலில்தான் கலக்கும். கடினமான பேரிங் வைத்தால்? நீரோடு வரும் மணல் அங்கே சிக்கித் தண்டைக் கீறும்; ரப்பரோ துகளுக்கு இடம்கொடுத்து அமுங்கி, நீளவாக்கில் வெட்டிய பள்ளத்துக்குள் அதை உருட்டிவிடுகிறது. ஆகவே ரப்பரை விலக்குவதைவிட, உராய்வின் ஏற்றத்தைத் தணிப்பதே வழி: தண்டின் பரப்பை மழமழப்பாக்குவது, ரப்பரில் கிராஃபைட் போன்ற தானே வழுக்கும் பொருளைக் கலப்பது, அதிர்வைத் தின்னும் ரப்பரைத் தேர்வது. நீர்மூழ்கிக்கு இது உயிர்ப் பிரச்சினை; அது மறைந்திருக்க மெல்ல ஊரும் நேரத்தில்தான் பேரிங் கத்தும், நீரில் ஒலியும் நெடுந்தூரம் போகும். அதனால் பேரிங்கைச் சோதிப்பவர்கள் ஓடும் வேகத்தின் உராய்வு எண்ணோடு நிறைவடையக் கூடாது. தண்டு நிற்கும்வரை அந்த எண் எப்படி ஏறுகிறது என்பதையும் அளக்க வேண்டும்.