கவுனுக்கு உள்ளே ஒரு இன்ஜினீயரிங்!

கல்ச்சுரல்ஸ் டிராமாவுல விக்டோரியா காலத்துச் சீமாட்டி வேஷம் உங்களுக்குத்தானா? கவுனும் ரெடியா? போட்டுப் பார்த்தா, மழையில நனைஞ்ச குடை மாதிரி காலோட ஒட்டிக்கிட்டுத் தொங்குதா? கவலையை விடுங்க பாஸ்! கவுன் மேல தப்பே இல்லை. உள்ளே நிக்க வேண்டிய ஆள் மிஸ்ஸிங். அவர் பேரு பெட்டிகோட்!

விக்டோரியா ராணி ஆண்டது 1837-லிருந்து 1901 வரை. 1840-களில் பாவாடை விரிஞ்சு நிக்கணும்னு, ஒண்ணு மேல ஒண்ணா நாலஞ்சு பெட்டிகோட் போட்டாங்க. குதிரை முடி கலந்து நெய்தது, கஞ்சி போட்டது, கயிறு வெச்சுத் தைச்சதுன்னு பல ரகம். 1856-ல் ஸ்டீல் வளையக் கூண்டு வந்த பிறகுதான் இந்த அடுக்குகள் குறைஞ்சது.

நாம தைக்கப்போறது கயிறு ரகம். வீட்டுத் தையல் மெஷினே போதும். லாஜிக் சிம்பிள்... துணி தனியா நின்னா தொய்ஞ்சிடும். சுத்தி வளையம் வளையமா கயிறு ஓடினா, பக்கவாட்டுல மடங்காது. ஆனா, மேலும் கீழுமா மடங்கும். அதனால நீங்க ஸ்டேஜ்ல தாராளமா உட்காரலாம்!

தேவையானவை: 36 இன்ச் அகலக் காடா துணி நாலரை மீட்டர், 3 மி.மீ. பருத்திக் கயிறு 30 மீட்டர், கட்டுறதுக்கு நாடா. துணி, கயிறு ரெண்டையும் முதல்ல நனைச்சுக் காய வெச்சிடுங்க. தைச்ச பிறகு சுருங்கினா வம்பு!

துணியில 3 மீட்டரை வெட்டிக்கோங்க. அந்த 3 மீட்டர்தான் சுற்றளவு. 36 இன்ச் அகலம் உயரமாகிடும். கீழ் ஓரத்துலேர்ந்து ஒண்ணரை இன்ச் இடைவெளியில 10 கோடு போடுங்க. ஒவ்வொரு கோட்டுலயும் துணியை மடிச்சு, உள்ளே கயிறை வெச்சு, ஒட்டினாப்ல தையல் போடுங்க. ஜிப் தைக்கிற ஃபுட்டை மாட்டிக்கிட்டா ஊசி கயிறுக்குப் பக்கத்துலயே ஓடும்.

இங்கே ஒரு கணக்கு. 3 மி.மீ. கயிறைச் சுத்தி வர ஏறக்குறைய 1 செ.மீ. துணி வேணும். 10 வரிசைக்கு 10 செ.மீ., அதாவது 4 இன்ச் உயரம் காலி! அதை ஈடுகட்டத்தான் ஃப்ரில். இன்னொரு 1.20 மீட்டர் துணியை 9 இன்ச் அகலத்துல நாலு பட்டையா வெட்டி, ஒண்ணா இணைச்சு, சுருக்கி, கீழே தைச்சிடுங்க.

அப்புறம் ரெண்டு ஓரத்தையும் சேர்த்துத் தையல். மேலே மட்டும் 8 இன்ச் திறந்திருக்கட்டும். நீளம் கவுனைவிட 2 இன்ச் குறைவா இருக்கணும். கூடினா மேலே வெட்டிக்கலாம். இடுப்புல பெரிய தையலா ரெண்டு வரிசை ஓட்டி நூலை இழுங்க. 3 மீட்டரும் உங்க இடுப்பளவுக்குச் சுருங்கி வரும். மீதித் துணியில பட்டி வெச்சு, நாடா கோத்தா முடிஞ்சது. கெட்டியா கஞ்சி போட்டு அயர்ன் பண்ணுங்க. கம்பீரமா நிக்கும்!

ஒரே ஒரு வார்னிங். இதைக் கட்டிக்கிட்டு மெழுகுவர்த்தி, குத்துவிளக்குப் பக்கம் போகவே கூடாது. விரிஞ்ச உடை எங்கே உரசுதுன்னு போட்டவங்களுக்கே தெரியாது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டோட தந்தைவழிச் சகோதரிகள் ரெண்டு பேர் 1871-ல் இறந்தது, உடையில தீப்பிடிச்சுத்தான். ஸ்டேஜ்ல மெழுகுவர்த்தி வேணும்னா பேட்டரியில எரியறதை வாங்குங்க.

இன்னொரு விஷயம் எடை. 1881-ல் லண்டன்ல பெண்களே சேர்ந்து, 'ரேஷனல் டிரெஸ் சொசைட்டி'ன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. உள்ளாடைகளோட மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டக் கூடாதுங்கறது அவங்க வெச்ச கோரிக்கை. அதாவது 3 கிலோ சொச்சம். அதையே 'குறைச்சல்'னு கேட்க வேண்டியிருந்ததுன்னா, அதுக்கு முன்னாடி எவ்வளவு சுமந்திருப்பாங்க!

தைச்சு முடிச்சதும் உங்க பெட்டிகோட்டை ஒரு தடவை தராசுல வெச்சுப் பாருங்க. அப்புறம் கட்டிக்கிட்டு நாலு மாடி ஏறி இறங்குங்க. சீமாட்டியோட நடை தானா வரும். கூடவே, அவங்க ஏன் சங்கம் வெச்சாங்கன்னும் புரியும்!