உங்களுக்குத் தெரியுமா? – வாங்கிய சீட்டு கைக்குத் திரும்பும்!

இத்தாலியின் சிசிலித் தீவு தலைமுறை தலைமுறையாகச் சீட்டாடும் தீவு. அங்கே பழகிய ஆட்டங்களோடு, உலகின் மேசை விளையாட்டுகளையே மாற்றிப்போட்ட ஒரு புது ஆட்டத்தையும் சேர்த்துப் பார்ப்போமா?

● ராணி இல்லாத கட்டு: சிசிலியச் சீட்டுக்கட்டில் 40 சீட்டுகள்தான். காசு, கிண்ணம், வாள், தடி என நான்கு வகை. ஒவ்வொன்றிலும் 1 முதல் 7 வரை எண் சீட்டுகள். அதற்கு மேல் சேவகன், குதிரைவீரன், ராஜா. ராணி கிடையாது.

● கடல் கடந்து வந்த சீட்டு: இந்த நான்கு வகைகளும் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சீட்டிலிருந்து வந்தவை. அந்தப் பழைய கட்டு ஒன்று இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. அதில் தடி இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது போலோ மட்டை! ஐரோப்பியருக்குப் போலோ பழக்கமில்லாததால் மட்டை தடியாகிவிட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

● ஜோசியத்துக்கு முன் ஆட்டம்: குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டு, 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காகவே பிறந்தது. துருப்புக்கென்றே தனிச் சீட்டுகள் அதில் உண்டு. குறி பார்க்கும் வழக்கம் பரவியது 18-ஆம் நூற்றாண்டின் பிரான்சில்தான். சிசிலியின் காலாதாஃபிமி, தோர்தொரீச்சி, மினேயோ போன்ற ஊர்களில் டாரட் ஆட்டமாகவே நிலைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட், 1980-இல் வெளியிட்ட தன் நூலில் அந்த ஆட்டங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

● அள்ளினால் அள்ளியதுதான்: இத்தாலியர் வீடுகளில் பிரபலமான ஆட்டம் ஸ்கோப்பா. மேசையில் 4 சீட்டுகள் திறந்து கிடக்கும், ஒவ்வொருவர் கையிலும் 3 இருக்கும். மேசையில் ஒரு 3, ஒரு 4, இரண்டு ராஜா கிடக்கின்றன. உங்கள் கையில் காசு 7 இருக்கிறது. அதைப் போட்டு 3-ஐயும் 4-ஐயும் சேர்த்து அள்ளிக்கொள்ளலாம். காசு 7-ஐப் பிடித்ததற்கே தனியாக ஒரு புள்ளி உண்டு! ஆனால் அள்ளியதைக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிட வேண்டும். அந்தச் சுற்றில் அது மறுபடி கைக்கு வராது.

● ஒரு புது யோசனை: சேர்த்த சீட்டு மறுபடி கைக்கு வந்தால் என்ன ஆகும்? 2008-இல் அமெரிக்கரான டொனால்ட் எக்ஸ். வக்கரினோ உருவாக்கி, ரியோ கிராண்ட் கேம்ஸ் வெளியிட்ட 'டொமினியன்' அதைச் செய்து காட்டியது. எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே மாதிரி 10 சீட்டுகள்: 7 செப்புக் காசு, 3 சிறு நிலம். அதில் 5-ஐ எடுக்கிறீர்கள். 4 செப்பு வந்திருந்தால், 4 காசு விலையுள்ள கொல்லன் சீட்டை வாங்கலாம். வாங்கியது, செலவழித்தது, மிச்சமிருந்தது எல்லாம் கழிவுக் குவியலுக்குப் போகும். கட்டு தீர்ந்ததும் குவியலைக் கலைத்துப் புதுக் கட்டாக்குவீர்கள். இனி கொல்லன் உங்கள் கைக்கு வரும்போதெல்லாம் கூடுதலாக 3 சீட்டு எடுக்கலாம். ஆடிக்கொண்டே கட்டைக் கட்டுவதால் இவ்வகைக்கு 'டெக் பில்டிங்' என்று பெயர்.

● வெற்றியே சுமை: டொமினியனில் 8 காசு கொடுத்து வாங்கும் 'மாகாணம்' 6 புள்ளி தரும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் கைக்கு வந்தால் எதற்கும் உதவாது, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சீக்கிரம் வாங்கினால் கட்டு மந்தமாகும். தாமதித்தால் எதிராளி முந்திக்கொள்வார். இந்த இழுபறிதான் ஆட்டத்தின் உயிர்.

● 32 லட்சத்துக்கும் மேல்: டொமினியனின் முதல் பெட்டியில் கொல்லன் போன்ற 25 வகை 'ராஜ்ஜியச்' சீட்டுகள் இருந்தன. ஓர் ஆட்டத்துக்கு அதில் 10 வகை போதும். அந்த 10-ஐத் தேர்ந்தெடுக்க 32,68,760 வழிகள் உண்டு!

● எல்லோருக்கும் ஒரே தொடக்கம்: ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1993-இல் தந்த 'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்தில், பொட்டலம் பொட்டலமாகச் சீட்டு வாங்கி, வீட்டிலேயே கட்டைத் தயார் செய்துகொண்டு வர வேண்டும். கையில் பணம் உள்ளவருக்கு வசதி அதிகம். டொமினியனில் எல்லாமே ஒரே பெட்டியில் இருக்கிறது. இதை அதன் மிகப் பெரிய நேர்மை என்பேன்.

● பெருகிய குடும்பம்: டொமினியன் 2009-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை வென்றது. அதே ஆண்டில் 'தண்டர்ஸ்டோன்', 2010-இல் 'அசென்ஷன்', 2014-இல் 'ஸ்டார் ரெல்ம்ஸ்' என்று இதே வகை ஆட்டங்கள் வரிசையாக வந்தன. 'கிளாங்க்!' (2016), 'டியூன்: இம்பீரியம்' (2020) ஆகியவை இந்த வகையைப் பலகை ஆட்டத்தோடு இணைத்தன. 'ஓர்லியான்' (2014) சீட்டுக்குப் பதில் பையில் வில்லைகளைச் சேர்க்க வைத்தது. 2019-இல் முழுமையாக வெளிவந்த 'ஸ்லே த ஸ்பைர்' இந்த யோசனையைக் கணினியிலும் பிரபலமாக்கியது.

● பலெர்மோவில் தமிழர்: 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் குடியேறிய சிசிலிய நகரம் பலெர்மோ. பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரோசாலியா திருத்தலத்துக்குக் கத்தோலிக்கரோடு இந்துத் தமிழரும் ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள்.

● இரு தீவுகள், ஒரே கணக்கு: யாழ்ப்பாணத்து 304 ஆட்டத்தில் ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. கூட்டினால் 76. நான்கு வகைக்கும் சேர்த்து 304! இத்தாலியரின் பிரிஸ்கொலா ஆட்டத்திலும் ஆசுக்கு 11, அடுத்த பெரிய சீட்டான மூன்றுக்கு 10. இரண்டிலும் துருப்பு உண்டு. 304 தெரிந்த ஒருவர் பிரிஸ்கொலாவை ஒரே மாலையில் பழகிக்கொள்ளலாம்.

சீட்டு என்றாலே சூது என்று ஒதுக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன ஆட்டங்களில் எதற்கும் பணம் வைக்கத் தேவையில்லை. கணக்கும் ஞாபக சக்தியும் பொறுமையும் போதும். வீட்டில் 304 தெரிந்த பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் டொமினியனைக் கொண்டுவந்தால், அந்தப் பெரியவரையும் கூப்பிட்டு ஒரு கை போடச் சொல்லுங்கள்.