சிறு படக் குழுவும் கருவித் தேர்வும்: ஃபீனிக்ஸ் பே தரும் பாடம்

வளர்ச்சிப் பணிகளை மக்களுக்கு எடுத்துக் கூறும் சாதனங்களுள் ஆவணப்படத்திற்குத் தனியிடம் உண்டு. முன்பு பெரிய நிறுவனங்களால் மட்டுமே மேற்கொள்ள முடிந்த இப்பணியை இன்று மூன்று, நான்கு பேர் கொண்ட குழுவே செய்துவிட முடிகிறது. கல்லூரி மாணவர்கள் படமெடுக்கின்றனர்; அரசுத் துறைகளின் செய்திப் பிரிவுகளும் படமெடுக்கின்றன. ஆயினும் இப்படங்களுள் பலவற்றில் ஒரு குறை உடனே கண்ணில் படுகிறது. கடல் தெரிகிறது, வானம் தெரிகிறது, கப்பலும் தெரிகிறது. யாரைப் பற்றிய படமோ அவருடைய முகம் மட்டும் கருநிழலாக நிற்கிறது. காமிரா விலை உயர்ந்ததாக இருந்தும் இவ்வாறு நேர்வதற்குக் காரணம், படம்பிடிக்க வேண்டிய இடத்தின் ஒளியைக் கருதாமல் கருவியைத் தேர்ந்தெடுத்ததே ஆகும்.

இதனை விளக்குவதற்கு அந்தமானின் ஃபீனிக்ஸ் பே நல்லதோர் எடுத்துக்காட்டு. போர்ட் பிளேர் நகரின் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு பகுதியான இங்கிருந்துதான் தீவுகளுக்கிடையே செல்லும் பயணிக் கப்பல்கள் பல புறப்படுகின்றன. கப்பல்களைப் பழுதுபார்க்கும் கப்பல் பட்டறையும் இங்கு உள்ளது. பயணச்சீட்டுக்கு வரிசையில் நிற்போர், மூட்டை தூக்குவோர், கயிறு வீசுவோர், இரும்புத் தகட்டைப் பற்றவைப்போர் என உழைக்கும் மக்களின் முகங்களை இங்கே ஒருசேரக் காணலாம். இத்துறையைப் பற்றி இருபது நிமிடப் படம் ஒன்றை ஒரு சிறு குழு எடுக்க முற்படுவதாகக் கொள்வோம். அக்குழு எதை எடுத்துச் செல்ல வேண்டும்? எதை விட்டுச் செல்லலாம்?

சூரியனே முதல் விளக்கு

கருவிப் பட்டியலைத் தொடங்குமுன் சூரியனின் போக்கை அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேரோ ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளது. எனவே அங்கே சூரியன் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 41 நிமிடம் முந்திச் செல்கிறது. ஜூன் மாதத்தில் காலை 5 மணியளவில் பொழுது புலர்ந்துவிடும். டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

சென்னையில் ஜூன் மாதத்தில் காலை 9 மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 44 பாகை உயரத்தில் நிற்கும். அதே வேளையில் ஃபீனிக்ஸ் பேயில் அது 55 பாகை உயரத்தை எட்டியிருக்கும். அலுவலக வழக்கப்படி 9 மணிக்குப் படப்பிடிப்பைத் தொடங்கும் குழு, அன்றைய நல்ல ஒளியை அதற்குள்ளாகவே இழந்துவிடுகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தின் இறுதியிலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தின் இறுதியிலும் சூரியன் அங்கே நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது மனிதனின் நிழல் அவன் காலடியிலேயே விழும். நெற்றியும் மூக்கும் பளிச்சிட, கண்குழிகள் இருண்டுபோகும். எத்தகைய காமிராவும் இதனைச் சீர்செய்யாது.

ஆகவே சிறு குழுவின் முதல் கருவி கால அட்டவணையே. திறந்த வெளிக் காட்சிகளை விடியற்காலையிலும் பிற்பகல் 3 மணிக்குப் பின்னரும் வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் உச்சியில் உள்ள நேரத்தைக் கூரைக்குக் கீழுள்ள காட்சிகளுக்கும் உரையாடல்களுக்கும் ஒதுக்கலாம். மே மாதம் தொடங்கும் மழைக்காலத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மேகம் மூடிய வானம் ஒளியைப் பரப்பித் தரும் பெரியதொரு திரையாகும். அதன் கீழ் முகங்கள் மென்மையாகப் பதிவாகும்.

முகம் ஏன் கறுக்கிறது?

காமிராவின் தானியங்கி ஒளியளவி, தன் முன்னுள்ள காட்சியின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி அளவிடுகிறது. வெண்சாயம் பூசிய கப்பலும், மின்னும் கடல்நீரும், வெளிறிய வானமும் சட்டத்தின் பெரும்பகுதியை நிரப்பும்போது, வெளிச்சம் மிகுதி என்று அது முடிவு செய்து துளையைச் சுருக்கிவிடுகிறது. நடுவில் நிற்கும் மாநிறத் தொழிலாளியின் முகம் கறுத்துப்போகிறது. எனவே தானியங்கி அமைப்பை நிறுத்திவிட்டு, முகத்தின் மீது அளவெடுத்து, வானம் சற்று வெளுத்தாலும் முகம் தெரியுமாறு துளையை அமைத்தல் வேண்டும். காமிராவைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதிலிருந்தே எழுகிறது. எத்தனை புள்ளிகள் கொண்ட படம் தருகிறது என்பதைவிட, இருளையும் வெளிச்சத்தையும் ஒருங்கே எவ்வளவு தாங்குகிறது என்பதே முக்கியம்.

அடுத்து, வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் சாம்பல் நிற வடிகட்டி. தொழிலில் இதனை என்.டி. வடிகட்டி என்பர். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 உணர்திறனில், நொடிக்கு ஐம்பதில் ஒரு பங்கு வேகத்தில் படம்பிடிக்கத் துளை எஃப் 22 அளவுக்குச் சுருங்க வேண்டும். அவ்வளவு சுருக்கினால் படத்தின் கூர்மை குறையும். பின்னணியில் உள்ள யாவும் முகத்தோடு போட்டியிடும். எஃப் 4 துளையில் எடுக்க விரும்பினால் ஒளியை 32-இல் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். காமிராவின் இயல்பான உணர்திறன் 800 ஆக இருப்பின் 256-இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். இவ்வடிகட்டி உள்ளேயே அமைந்த காமிரா கடற்கரைப் பணிக்கு ஏற்றது. அஃது இல்லையெனில் தரமான வடிகட்டி ஒன்றினைத் தனியே வாங்குதல் இன்றியமையாதது. இதற்கான செலவைக் குறைத்து லென்ஸில் சேர்ப்பது சிக்கனமாகாது.

நொடிக்கு ஐம்பதில் ஒரு பங்கு என்ற வேகத்திற்கும் காரணம் உண்டு. நம் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. வேறு வேகத்தில் எடுத்தால், பயணச்சீட்டுக் கூடத்தின் குழல்விளக்குகள் திரையில் துடிப்பது போலத் தோன்றக்கூடும்.

துணியும் தெர்மகோலும்

விளக்குகளைப் பற்றி எண்ணும்போது நம் நாட்டுத் திரைப்பட வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1956-இல் வெளியான சத்யஜித் ராயின் "அபராஜிதோ" படத்திற்காகக் காசியின் பழைய வீட்டு முற்றம் ஒன்று அரங்கமாக அமைக்கப்பட்டது. அத்தகைய முற்றத்தில் ஒளி மேலிருந்து பரவலாக விழும். நிழல்கள் கூர்மையாக இரா. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மீது பாய்ச்சித் திரும்பும் ஒளியில் படம்பிடித்தார். அரங்கம் என்பதே பார்ப்போருக்குத் தெரியவில்லை. தமிழில் பாலு மகேந்திரா "வீடு" (1988) போன்ற படங்களில் இயற்கை ஒளியையே பெரிதும் சார்ந்து, நடுத்தரக் குடும்பத்தின் அறைகளை உள்ளவாறே காட்டினார்.

ஃபீனிக்ஸ் பேயில் ஒருவரை நிழலில் அமர்த்தி, ஒரு தெர்மகோல் பலகையால் வெயிலைத் திருப்பி அவர் முகத்தில் விழச் செய்தால் கண்கள் உயிர் பெறும். வெயிலிலேயே நிறுத்த நேர்ந்தால், தலைக்கு மேலே வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடிக்கலாம். வெண்மை மங்காத வேட்டியே ஆகும். பழுத்த துணி முகத்தில் மஞ்சளைப் பூசும். ஆனால் துறைமுகக் காற்றில் பலகையும் துணியும் பாய்மரமாகிவிடும் என்பதை மறத்தலாகாது. அவற்றைப் பிடிப்பதற்கென்றே ஒருவர் வேண்டும்; தாங்கிகளின் காலில் மணல் பைகளும் வேண்டும். மூவர் குழுவில் நான்காமவராக ஒரு விளக்குத் தொழிலாளரைச் சேர்ப்பது, மற்றொரு லென்ஸ் வாங்குவதைவிட மேலான முதலீடு.

கப்பலின் உட்புறத்திற்கும் இயந்திர அறைக்கும் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு போதும். பழைய ஹாலஜன் விளக்குகள் ஆயிரம் வாட் மின்சாரம் கொள்ளும், வெப்பத்தையும் கக்கும். 5 ஆம்பியர் மின்செருகி தாங்குவது ஏறத்தாழ 1,150 வாட். அதில் அவ்வகை விளக்குகள் இரண்டினைப் பொருத்த இயலாது. எல்.இ.டி. விளக்கு அதே ஒளியை ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் தந்துவிடும், மின்கலத்திலும் இயங்கும். இதனை வாங்கும்போது நிறங்களை உள்ளவாறு காட்டும் திறன் நூற்றுக்கு 95-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். மலிவான விளக்கில் மனிதத் தோல் பச்சை பாயும். சன்னலொளி 5,600 கெல்வின் அளவினது. மஞ்சள் விளக்கொளி 3,200 கெல்வின் அளவினது. இரண்டும் கலந்த அறையில் நம் விளக்கைச் சன்னலொளிக்கு இணங்க அமைத்து, மஞ்சள் விளக்கை அணைத்துவிடுதல் நேரிய வழி.

அசையும் தளம், நனைந்த காற்று

துறைமேடையில் முக்காலி கட்டாயம். ஆனால் ஓடும் கப்பலின் தளத்தில் அதே முக்காலி இயந்திரத்தின் நடுக்கத்தைக் காமிராவுக்குக் கடத்திவிடும். அங்கே கையில் ஏந்தி எடுப்பதே நன்று. நம் உடலே அந்நடுக்கத்தை உறிஞ்சிக்கொள்ளும். தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் நீண்ட லென்ஸ் ஒவ்வோர் அசைவையும் பெருக்கிக் காட்டும் என்பதால், அகன்ற கோண லென்ஸுடன் மனிதரை அணுகி நிற்பதே சிறந்தது. அணுகி நிற்பதற்கு முன் அவரோடு பேசிப் பழக வேண்டியிருக்கும். அதுவும் படத்திற்கு நன்மையே.

ஈரமும் உப்பும் இத்தீவுகளில் காமிராவின் பெரும் பகைகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது. குளிர்சாதன அறையிலிருந்து காமிராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸின் மீது பனிபோல் நீர் படியும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் வெளிவெப்பத்திற்குப் பழக்கிய பின்பே திறக்க வேண்டும். இரவில் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகா டப்பாவில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. நீலநிறச் சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சி இளஞ்சிவப்பாக மாறினால், வறுத்து உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். நாள்தோறும் மாலையில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காமிராவின் புறத்தையும் முக்காலியையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும்.

சென்னையிலிருந்து கப்பலில் வரப் பயணம் ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். எனவே ஒரு பொருள் பழுதானால் வடபழனியில் செய்வதுபோல் பிற்பகலிலேயே மாற்று வாடகைக்கு எடுக்க இயலாது. இதனால் மிக உயர்ந்த காமிரா ஒன்றைவிட, ஒரே வகை லென்ஸும் மின்கலமும் ஏற்கும் நடுத்தரக் காமிராக்கள் இரண்டு இங்கே பாதுகாப்பானவை. விமானத்தில் செல்வோர் லித்தியம் மின்கலங்களைக் கைப்பெட்டியில்தான் கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்கு மிகாதிருப்பின் தனி அனுமதி தேவையில்லை.

பதிவின் கணக்கு

பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளின் காலத்தில் 100 அடிச் சுருள் ஒன்று இரண்டே முக்கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே ஒளிப்பதிவாளர் எண்ணிய பின்பே விசையை அழுத்தினார். இன்று நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிகாபைட் சேரும். ஐந்து மணி நேரப் பதிவு 225 ஜிகாபைட். அன்றன்று இரு பிரதிகள் எடுத்து, இருவேறு நபர்களிடம் வைத்தல் வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையுடன் கடலடிக் கண்ணாடி இழை வடம் இணைக்கப்பட்ட பின் தீவுகளின் இணையத் தொடர்பு வெகுவாக மேம்பட்டுள்ளது. ஆயினும் ஒரே பிரதியை நம்பிக் கடல் கடத்தல் தகாது.

அனுமதியும் பொறுப்பும்

துறைமுகம், கப்பல் பட்டறை, பாதுகாப்புப் படையினரின் பகுதிகள் ஆகியவற்றில் முன் அனுமதியின்றிப் படமெடுத்தல் ஆகாது. பறக்கும் காமிராவுக்கு இது இன்னும் பொருந்தும். பட்டறையில் பற்றவைப்புச் சுடரை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. குழுவினருக்கும் தொழிலாளரின் காப்புக் கண்ணாடி தேவை.

அந்தமானின் பழங்குடி மக்களைப் பொறுத்தவரை, 1956-ஆம் ஆண்டின் பாதுகாப்பு விதிமுறையும் அதன் திருத்தங்களும் அவர்களைப் படமெடுப்பதைக் கடுமையாகத் தடை செய்கின்றன. ஜாரவா பெண்களை ஆடச் செய்து எடுத்த படக்காட்சி ஒன்று 2012-இல் வெளியாகி நாடெங்கும் கண்டனத்தை எழுப்பியது. கருவி நம் கையில் இருப்பது ஒருவரைப் படமெடுக்கும் உரிமையை நமக்குத் தருவதில்லை. துறைமுகத் தொழிலாளியிடமும் நோக்கத்தைச் சொல்லி, இசைவு பெற்று, முடிந்த படத்தை அவருக்குக் காட்டுதல் முறை.

செலவின் வரிசை

1996-இல் வெளிவந்த "காலாபாணி" (தமிழில் "சிறைச்சாலை") இந்நகரின் செல்லுலார் சிறையைப் பெரும் பொருட்செலவில் திரையில் காட்டியது. அதன் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்ற சந்தோஷ் சிவனே, 1998-இல் "தி டெரரிஸ்ட்" என்ற தமிழ்ப் படத்தைக் குறைந்த செலவில் சிறு குழுவுடன் இயக்கி ஒளிப்பதிவும் செய்தார். பெரிய கருவித் தொகுதியைக் கையாண்டவரே அது இன்றியும் படமெடுக்க முடிந்தது. ஒளியை அறிந்த கண் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது.

ஆகவே கையிலுள்ள பணத்தை இந்த வரிசையில் பகிர்ந்தால் நலம்: முதலில் விடியற்காலையிலேயே துறைமேடையில் நிற்பதற்குக் கூடுதலாக இரண்டு நாள் தங்கும் செலவு, அடுத்து ஒளியைத் திருப்பவும் மட்டுப்படுத்தவும் தேவையானவையும் அவற்றைப் பிடிக்கும் ஆளும், பின்னர் நல்ல ஒலிவாங்கியும் முக்காலியும், அதன்பின் ஈரத்திலிருந்தும் இழப்பிலிருந்தும் காக்கும் ஏற்பாடுகள், எஞ்சிய தொகையில் காமிரா. இவ்வரிசை பலருக்குத் தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் கயிறு வீசும் தொழிலாளி தம் முகத்தைத் திரையில் தெளிவாகக் காண வேண்டுமெனில், சிறு குழுவின் பணம் இவ்வழியில் செல்வதே பொருத்தம். கருவிகளுக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்களும், முதல் படத்திற்குத் திட்டமிடும் மாணவர்களும் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் படம்பிடிக்கப் போகும் இடத்தில் ஒரு நாள் முழுதும் நின்று, ஒளி எங்கிருந்து வருகிறது என்று குறித்து வருவார்களாக.