வீட்டினுள் அமையும் நீச்சற்குளம்: தெளிந்த நீரும் தூய நீரும்

நீராடுவதற்கெனத் தொட்டி கட்டி நீரைத் தேக்கி வைக்கும் வழக்கம் இத்துணைக்கண்டத்தில் மிகப் பழமையானது. இன்று பாகிஸ்தானில் உள்ள மொகஞ்சதாரோவில் 1920களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளிப்பிடம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. செங்கற்களை ஜிப்சச் சாந்தில் நெருக்கமாகப் பதித்து, அவற்றின் பின்புறம் நிலக்கீல் பூசி, நீர் கசியாதவாறு அதனை அமைத்திருந்தனர். நீர் வழங்க அருகில் ஒரு கிணறும், நீரை வெளியேற்ற ஒரு மூலையில் வடிகாலும் இருந்தன. கசியாத தொட்டி, நல்ல நீர்வரத்து, முறையான வடிகால் ஆகிய இம்மூன்றும் இன்றைய நீச்சற்குளத்திற்கும் அடிப்படையாகும். எனினும் இவை மட்டும் போதா. ஒரே நீரில் பலர் பல நாட்கள் குளிக்கும்போது, அந்நீரை இடைவிடாது தூய்மை செய்தல் வேண்டும். குளம் கூரையின்கீழ் அமையுமாயின், அறையின் காற்றையும் அவ்வாறே பேணுதல் வேண்டும்.

பண்ணை வீடுகளிலும் விருந்தினர் விடுதிகளிலும் இத்தகைய குளங்கள் கட்டப்பட்டு வருவதால், அவற்றின் இயல்பைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

நீரின் அளவு

8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரி 1.25 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு சிறு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின்படி கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு வழங்க வேண்டிய நீர் 55 லிட்டர். இக்கணக்கின்படி, இக்குளத்தை ஒருமுறை நிரப்பும் நீர் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஏறத்தாழ 145 நாட்களுக்குப் போதுமானது. திருமலையில் உள்ள சுவாமி புஷ்கரிணியை ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்திற்கு முன் சில வாரங்கள் மூடி, நீரை இறைத்துத் துப்புரவு செய்வது வழக்கம். வீட்டுக் குளத்திற்கு அடிக்கடி புதுநீர் மாற்றுவது, ஆரணியாற்றங்கரையில் உள்ள பிச்சாட்டூர் போன்று மழையை நம்பிய ஊர்களில் நீரை வீணாக்குவதாகும். ஆகவே உள்ள நீரையே காத்துப் பயன்படுத்துவதன்றி வேறு வழியில்லை.

தொட்டியும் நிலமும்

இக்குளத்திலுள்ள நீரின் எடை மட்டும் 40 டன் ஆகும். எனவே பொறியாளரின் கணக்கீடின்றி மாடியிலோ பழைய தளத்தின்மீதோ குளம் அமைத்தல் கூடாது. நீர் தேக்கும் கான்கிரீட் அமைப்புகளுக்கு ஐ.எஸ். 3370 என்னும் இந்தியத் தர விதியும், நிலத்தடித் தொட்டிகள், நீச்சற்குளங்கள் ஆகியவற்றின் நீர்க்காப்பிற்கு ஐ.எஸ். 6494 என்னும் விதியும் உள்ளன. ஓடு பதிக்குமுன் தொட்டியில் நீர் நிரப்பிச் சில நாட்கள் விட்டு, மட்டம் குறைகிறதா என்று பார்த்தல் வேண்டும். ஓடு பதித்த பின்னர்க் கசிவைக் கண்டறிவது கடினம்.

காலித் தொட்டியால் நேரும் இடர் பலர் அறியாதது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிச்சாட்டூர் ஆரணியாறு நீர்த்தேக்கம் நிரம்ப, அதனைச் சூழ்ந்த நிலங்களில் கிணற்று நீர்மட்டமும் உயரக்கூடும். அவ்வேளையில் நிலத்துள் அமைந்த குளத்தை முற்றிலும் காலி செய்தால், நிலத்தடி நீர் அதனைக் கீழிருந்து மேலே உந்தும். குடத்தை நீரில் அமிழ்த்தினால் கையை எதிர்த்து மேலெழுவதும் இதே விதியினால்தான். இவ்வுந்துதலால் தொட்டி விரிசல் காணலாம், பெயர்ந்தும் எழலாம். எனவே காலி செய்யும் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்வதே முறை.

சுழற்சியும் வடிகட்டலும்

குளத்து நீர் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை வடிகட்டியின் வழியே சென்று திரும்புதல் நன்று. 40,000 லிட்டர் குளத்திற்கு மணிக்கு ஏறத்தாழ 6,700 லிட்டர் இறைக்கும் பம்பு தேவைப்படும். மணல் வடிகட்டி தூசியையும் மண்ணையும் தடுக்கும். சிறிதளவு படிகாரம் சேர்த்தால் நுண்துகள்கள் திரண்டு மணலில் தங்கும். வடிகட்டியில் அழுத்தம் உயரும்போது நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவுதல் வேண்டும்.

அடித்தளத்தில் நீர் உறிஞ்சும் வாய் ஒன்று மட்டும் இருந்தால், அதன் இழுப்பில் குழந்தையின் கூந்தலோ கையோ சிக்கிக்கொள்ளலாம். ஆகையால் ஒன்றுக்கொன்று தள்ளி இரு வாய்கள் அமைத்து, அவற்றின்மீது உறுதியான மூடிகள் பொருத்துதல் இன்றியமையாதது.

வடிகட்டிய நீர் கண்ணாடி போல் தெளியும். ஆனால் பாக்டீரியா ஒன்றின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கேயாதலால், பெரும்பாலானவை மணலைக் கடந்துவிடும். தெளிந்த நீர் தூய நீராவது குளோரினால்தான்.

குளோரினும் அதன் கணக்கும்

நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை எஞ்சிய தனிக் குளோரின் இருத்தல் வேண்டும். மேற்கூறிய குளத்தில் 2 மில்லிகிராம் கூட்டுவதற்கு 80 கிராம் குளோரின் தேவை. புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயன்தரும் குளோரின் உண்டு. ஆகவே 240 கிராம் வேண்டும். ஈரம் பட்டு வலிமை 20 விழுக்காடாகக் குறைந்திருந்தால் 400 கிராம் தேவைப்படும். பவுடரை நீரில் கரைத்துச் சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் குளத்தில் சேர்த்தல் வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் அமிலம் கலந்தால் நச்சு வாயு எழும்; இரண்டையும் ஒரே அறையில் வைத்தலும் ஆகாது.

குளோரினின் ஆற்றல் நீரின் பி.எச். மதிப்பைப் பொறுத்தது. மதிப்பு 7.5 ஆக உள்ளபோது கிருமியை விரைந்து கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஏறத்தாழப் பாதியளவு இருக்கும். மதிப்பு 8.5 ஆக உயர்ந்தால் அது பத்தில் ஒரு பங்காகக் குறையும். எனவே மதிப்பை 7.2க்கும் 7.8க்கும் இடையே நிறுத்துதல் வேண்டும். திறந்தவெளிக் குளங்களில் வெயிலால் குளோரின் அழியாதிருக்கச் சயனூரிக் அமிலம் சேர்ப்பர். வெயில் படாத உட்குளத்திற்கு அது வேண்டுவதில்லை. சேர்த்தால் குளோரினின் வேகமே குறையும்.

இக்கவனம் எத்துணை இன்றியமையாதது என்பதைக் கேரளம் காட்டியது. 2024ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் அங்கு அமீபாவினால் ஏற்படும் மூளைக் காய்ச்சல் பலரைத் தாக்கியது, குழந்தைகளும் இறந்தனர். இந்நோய் விளைவிக்கும் அமீபாக்களுள் ஒன்றான நிக்லேரியா ஃபௌலெரி வெதுவெதுப்பான நன்னீரில் பெருகுவது. நீரைக் குடிப்பதனால் அன்று, மூக்கின் வழியே நீர் ஏறுவதனாலேயே அது மூளையை அடைகிறது. போதிய குளோரின் உள்ள நீரில் அது பிழைப்பதில்லை.

வெந்நீர்த் தொட்டி

ஸ்பா எனப்படும் வெந்நீர்த் தொட்டியை நீச்சற்குளத்தின் சிறிய வடிவம் என்று கருதுதல் தவறு. 1,500 லிட்டர் தொட்டியில் நால்வர் அமர்ந்தால் ஒருவருக்கு 375 லிட்டர் நீரே உண்டு. மேற்கூறிய குளத்தில் அதே நால்வருக்குத் தலைக்கு 10,000 லிட்டர். வியர்வையும் அழுக்கும் செறிந்து, வெப்பமும் காற்றுக்குமிழிகளும் குளோரினை விரைவில் குறைத்துவிடும். எனவே குளோரினை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாமல் வைத்து, நீரை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டலாகாது. கருவுற்ற பெண்களும் இதய நோயாளரும் மருத்துவரைக் கேளாது இறங்குதல் கூடாது.

குமிழிகள் உடையும்போது எழும் நுண்திவலைகள் மூச்சில் கலக்கும். 1999ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் நடைபெற்ற மலர்க் கண்காட்சியில் பார்வைக்கென இயக்கப்பட்ட ஒரு சுழல்நீர்த் தொட்டியிலிருந்து லெஜியோனெல்லா பாக்டீரியா பரவியது. தொட்டியில் இறங்காதவர்களும் நோயுற்றனர். 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அறையின் காற்று

நீர்மட்டம் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் குறைந்தால், 32 சதுர மீட்டர் பரப்பிலிருந்து 160 லிட்டர் நீர் ஆவியாகி அறையை நிரப்புகிறது என்பது பொருள். வெளியேற வழியில்லையேல் அது சுவரில் வியர்த்து, பூஞ்சை படரச் செய்து, இரும்பை அரிக்கும். அன்றியும், வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேர்ந்து குளோரமின்கள் உண்டாகின்றன. கண்ணெரிச்சலும் காரநெடியும் தருபவை இவையே. நெடி மிகுந்தால் குளோரின் மிகுந்துவிட்டது என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது நீரில் அழுக்கு மிகுந்ததன் அடையாளம். குளத்தில் இறங்குமுன் ஒவ்வொருவரும் சோப்பிட்டுக் குளித்தலே இதற்கு முதல் மருந்து. புதுக்காற்று வரவும் பழங்காற்று வெளியேறவும் விசிறி அமைத்தல் அடுத்தது.

இக்காற்று கட்டடத்தையே வீழ்த்தவும் கூடும். 1985ஆம் ஆண்டு மே மாதம் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஓர் உட்குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் மாண்டனர். அதனைத் தாங்கியிருந்தவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே. எனினும் குளத்து அறையின் குளோரைடுகள் அவற்றில் வெளியே தெரியாத வெடிப்புகளை விளைவித்திருந்தன. ஆகவே உட்குளத்தின் தொங்குகூரைகளை உரிய பொறியாளர் காலந்தோறும் சோதித்தல் வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டுவன

குளத்து அறைக்குத் தானே மூடிக்கொள்ளும் கதவும், குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாளும் வேண்டும். மின்சுற்றில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புக் கருவியும், நீருள் விளக்கிற்கு 12 வோல்ட் மின்னழுத்தமும் ஏற்றவை. குளோரினையும் பி.எச். மதிப்பையும் நாள்தோறும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். நீரின் தர வரம்புகள் ஐ.எஸ். 3328 என்னும் விதியில் தரப்பட்டுள்ளன.

களப்பணியாளர் கையிலுள்ள குளோரோஸ்கோப் கிராமக் கிணற்றுக்கும் குளத்திற்கும் பொதுவானது. அதனைக் கொண்டு ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் எளிய சோதனை செய்து காட்டலாம். ஒரே அளவாகக் குளோரின் இட்ட இரு குவளை நீரில் ஒன்றில் மட்டும் சிறிது மண் கலந்து, அரைமணி கழித்து இரண்டையும் வடிகட்டிச் சோதித்தால், மண் கலந்த நீரில் குளோரின் குறைந்திருக்கும். இரண்டும் பார்வைக்குத் தெளிவாகவே தோன்றும். நீரின் தூய்மையைக் கண்ணால் மட்டும் அறிய இயலாது, சோதித்தே அறிதல் வேண்டும் என்னும் உண்மை இதனால் மாணவர் உள்ளத்தில் எளிதில் பதியும்.