உங்களுக்குத் தெரியுமா? காப்பிக் கொட்டைக்கும் உண்டு ஒரு முகவரி

சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் துரை 1820-களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பிச் செடி, ஏற்காட்டிலும் மாரமங்கலம் முதலிய கிராமங்களிலும் ஓங்கிய மரங்களின் நிழலில், மிளகுக் கொடியின் துணையோடு வளர்ந்து வருவதை நாம் அறிவோம். ஆனால் இனி அக்காப்பி ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுமாயின், அது விளைந்த நிலத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் உடன் செல்ல வேண்டியிருக்கும் என்பது தெரியுமா?

2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த காப்பி முதலிய சில பொருள்களைத் தன் சந்தையில் அனுமதிப்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. அது அமலாகும் நாள் தள்ளிவைக்கப்பட்டு வந்துள்ளபோதிலும், 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கருக்கு, மேற்பட்ட தோட்டத்துக்கு அதன் எல்லை முழுவதையும், சிறு நிலத்துக்கு ஒரு புள்ளியையேனும், தசமப் புள்ளிக்குப் பின் 6 இலக்கத் துல்லியத்துடன் குறித்தல் வேண்டும் என்பது அதன் விதி. இந்தியக் காப்பி வாரியம் இதற்கென விவசாயிகளைக் கைபேசிச் செயலி வழியே பதிவு செய்து வருகிறது.

குறித்த இடத்தைப் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களுடன் ஒப்பிட்டால், அங்கே காடு அழிந்ததா, நிலைத்ததா என்பது பிரத்தியட்சமாகும். ஆகவே, தலைமுறை தலைமுறையாக நிழல் மரங்களைக் காத்து வந்த மலைவாசியின் தர்மத்துக்கு, வானத்திலிருந்தே சாட்சி கிடைக்கிறது. அந்தச் சாட்சியின் பலன் கடைசிச் சிறு விவசாயியின் கையையும் சென்றடைய வேண்டும்.